பூனைக் கடையில் மாப்பிள்ளை பார்த்தது

என் தங்கச்சிக்கு நாங்கள் மாப்பிள்ளை பார்க்கப் போன கதையை எங்கள் குடும்பத்தில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். என் புருஷன் சொன்னால் மீன் ரோல்ஸ் எப்படி இருந்தது என்பதில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடும். உம்மா சொன்னால் வழிநெடுக அவர் ஓதிக்கொண்டு போன ஸலவாத்துத்தான் காரியத்தைச் சரிக்கட்டியது. என் மகளின் கதையில் பூனைகளைத் தவிர வேறு ஒருவரும் வருவதே இல்லை. நான் சொல்வதுதான் நடந்தது. அன்றைக்கு வாயைத் திறக்காமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். நான் வாயைத் திறக்காமல் இருந்தேன் என்பதை என் புருஷன் இன்றுவரை நம்பமாட்டார். அது வேறு கதை.

முதலில் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் கிழக்கே எங்கள் மருதமுனையிலும் கரையோரத்து மற்ற ஊர்களிலும் கலியாணம் முடித்த பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வருவார். மாப்பிள்ளை கேட்டுப் போவதும் பெரும்பாலும் பெண் வீட்டார்தான். ஆகவே பெண்ணுக்கென்று ஒரு வீடு இருக்க வேண்டும். எங்கள் வாப்பா பெண் பிள்ளைகள் இரண்டைப் பெற்ற நாளிலிருந்து கல்லையும் சீமெந்தையும் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார். மூத்தவளான எனக்கு ஊருக்குள்ளே ஒரு வீடு கட்டித் தந்தார். தங்கச்சிக்குக் கடற்கரைத் தெருவில் கட்டினார். நாலு அறை, முன்னால் ஒரு விறாந்தை, ஜன்னலுக்கெல்லாம் பூப்போட்ட கம்பி. அதைக் கட்டி முடித்து, மஞ்சள் நிறம் பூசி, "இனி எனக்குக் கடமை ஒண்டும் இல்ல" என்று சொன்னார். சொன்ன மாதிரியே அடுத்த நோன்புக்கு முன்னர் கண்ணை மூடி மௌத்தாகிப் போனார்.

பிறகுதான் கடல் வந்தது. அன்று காலை உம்மாவும் தங்கச்சியும் என் வீட்டுக்கு இடியப்பம் தின்ன வந்திருந்தார்கள். அதனால் உயிர் தப்பினார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் வீடு இருந்த இடத்தில் கக்கூஸ் கோப்பை மட்டும் மணலில் நட்டுவைத்தது போல நின்றது. தங்கச்சி அதைப் பார்த்துவிட்டு என்னிடம், "ராத்தா, என்ட சீதனத்துல இது மட்டும்தான் மிஞ்சி இரிக்கு" என்று சொல்லிச் சிரித்தாள். நான் அழுதேன். அவள் சிரித்ததுதான் எனக்குக் கூடுதலாக வலித்தது.

கொஞ்சக் காலம் பள்ளிக்கூட முகாம், கொஞ்சக் காலம் என் வீடு, அதன் பிறகு ஊருக்கு மேற்கே வயல் பக்கமாகக் கட்டிக் கொடுத்த சுனாமி வீட்டுத் திட்டத்தில் இரண்டு அறையுள்ள ஒரு வீடு உம்மாவுக்குக் கிடைத்தது. உம்மாவும் அவளும் அங்கே போனார்கள். அவள் முன்னறையில் கணக்கு டியூஷன் தொடங்கினாள். பிள்ளைகள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு இருந்து படிப்பார்கள். கோபக்காரி, ஆனால் அவளிடம் படித்தவன் கணக்கில் தவறியதில்லை என்று ஊரில் பேர்.

கலியாணப் பேச்சுத்தான் கெட்டுப் போனது. வாப்பா இருந்தபோது அந்த மஞ்சள் வீட்டைக் காட்டித்தான் பேச்சு வந்தது. அது போனதும் பேச்சும் போனது. பிறகு வந்தவர்கள் வேறு மாதிரி வந்தார்கள். பெண்சாதியை இழந்த ஒருவர் வந்து, "அநாதைப் புள்ள மாதிரி நிக்குது, நன்மைக்காக முடிக்கிறன்" என்றார். இன்னொருவரின் தாய் எங்கள் வாசலில் நின்று கூரையைப் பார்த்து, சுவரைப் பார்த்து, "பாவம்" என்று சொல்லிவிட்டுப் போனார். தங்கச்சிக்கு 'பாவம்' என்ற சொல்லைக் கேட்டாலே பிடரி மயிர் நட்டுக்கொண்டுவிடும். கலியாணப் புறோக்கர், ஊரே அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர், பொத்துவில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தபோது அவள் கதவுக்குப் பின்னால் நின்று பேசவில்லை. முன்னால் வந்து நின்றாள்.

"இதான் கடைசி," என்றாள் உம்மாவிடம். "இந்த ஆளும் பாவம் பாத்து வாறவர் எண்டா, இனி இந்த வாசல்ல ஆரும் கலியாணம் எண்டு வாய் தொறக்கப்படா. அத நானே நேர பாத்துத்தான் முடிவு சொல்லுவன்."

"பொண்ணு மாப்புள பாக்கப் போறயா? எந்த ஊர்லகா இரிக்கி இந்த வழக்கம்?"

"அப்ப மாப்புளையும் வேணா, விடுங்க."

உம்மா என்னைப் பார்த்தார். நான் என் புருஷனைப் பார்த்தேன். அவர் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "ஆருக்கும் சொல்லாம ஒரு ட்ரிப் போற மாதிரிப் போய்ட்டு வருவமே, மாமி. அவர் கோப்பிக் கடைதானே வெச்சிரிக்கார்? கடைக்கு ஆரும் போகலாம்" என்றார். கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அவர் சொன்ன ஒரே நல்ல யோசனை அது.

யுத்தம் முடிந்து கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. அந்த நாட்களில் எங்கள் ஊரில் சனத்துக்குத் தெருவைக் கண்டால் போதும், வேன் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடும். இத்தனை வருடமாகப் பூட்டிக் கிடந்த நாட்டைத் திறந்துவிட்டதும், எங்கே போகிறோம் என்று கூடக் கேட்காமல் போனார்கள். அதனால் நாங்கள் போவதை ஒருவரும் சந்தேகப்படவில்லை. என் புருஷன் கூட்டாளியின் வேனை இரவல் வாங்கி வந்தார். உம்மா பெருநாள் சாரியை எடுத்து உடுத்தினார். "ட்ரிப் போற ஆக்கள் இப்படியா உடுப்பாங்க?" என்று கேட்டேன். "கொடியில கிடந்தத உடுத்தன்" என்றார். அந்தச் சாரி அலுமாரியில் பூச்சி உருண்டையோடு இருந்தது எனக்குத் தெரியும்.

வேன் கல்முனையைத் தாண்டுவதற்குள் உம்மா சட்டத்தைச் சொல்லிவிட்டார். சம்மதம் சொல்லுமட்டும் மாப்பிள்ளையின் இடத்தில் ஒருவரும் கை நனைக்கக் கூடாது. ஒரு மிடறு தேத்தண்ணி குடித்தாலும் 'எங்களுக்குப் பிடிச்சிருக்கு' என்று சொன்னதாக ஆகிவிடும். அது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த விடயம்தான்.

"மாமி, இது கடை," என்றார் என் புருஷன். "காசு குடுத்துத் திங்கிறது கணக்கில வராது."

"அவர்ட கையால ஊத்தினது அவர்ட கையால ஊத்தினதுதான்."

"அப்ப போய் என்ன செய்ற? சும்மா குந்திக்கிட்டு இரிக்கிறயா?"

"எடுத்து முன்னால வெச்சிட்டு இரிப்பம்," என்றார் உம்மா. அந்த ஒரு வசனம்தான் எங்களைக் காட்டிக்கொடுத்தது. ஆனால் அப்போது எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. பக்கத்து ஊர் ஆள் கேட்டாலும் அதுதான் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

திருக்கோவிலைத் தாண்டி, கோமாரியைத் தாண்டிப் போனோம். முன்பெல்லாம் இந்தத் தெருவில் பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைத் திறந்து காட்டி, செக் பொயின்டை நடந்து கடந்து, திரும்ப ஏறி, மூச்சு விடுவதற்குள் அடுத்ததில் இறங்க வேண்டும். அன்றைக்கு ஒருவரும் நிறுத்தவில்லை. நிறுத்தாததே உம்மாவுக்குப் பயமாக இருந்தது. "மெதுவாப் போங்க மருமகன், கூப்பிட்டாக் கேக்காது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். தங்கச்சி ஜன்னல் பக்கம் இருந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் கையைப் பிடித்தேன். உடனே இழுத்துக்கொண்டாள்.

கடை பொத்துவிலைத் தாண்டி, சுற்றுலாக்காரர் அலையில் விளையாட வருகிற பக்கத்தில் இருந்தது. கிடுகுக் கூரை, மணல் தரை, பலகை மேசைகள். வாசலில் ஒரு பலகையில் பூனை ஒன்று கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரிப் படம். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை என் புருஷன் எழுத்துக் கூட்டி வாசித்தார்: "கெட் கபே."

"அப்படி எண்டா?" என்றார் உம்மா.

"பூனைக் கடை, மாமி."

"பூனை விக்கிறாரா?"

உள்ளே போன பிறகுதான் விளங்கியது. மேசைக்கு மேலே பூனை, மேசைக்குக் கீழே பூனை, கதிரையில் பூனை, காசுப் பெட்டிக்கு மேலே ஒரு பூனை. ஒரு வெள்ளைக்காரி கழுத்தைச் சுற்றி ஒரு பூனையைப் போட்டுக்கொண்டு தோசை தின்றுகொண்டிருந்தாள். என் மகள் "உம்மா!" என்று ஒரு சத்தம் போட்டாள், அதோடு அவளை நாங்கள் இழந்துவிட்டோம். திரும்பிப் போகும்வரை அவள் தரையை விட்டு எழும்பவில்லை.

புறோக்கர் காக்கா இதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. கோப்பிக் கடை என்றார், நல்ல பிள்ளை என்றார், பீடி சிகரட் இல்லை என்றார். பூனையைச் சொன்னால் பேச்சு முறிந்துவிடும் என்று பயந்திருப்பார். புறோக்கர்மார் எப்போதும் பெரிய விடயத்தை விட்டுவிட்டுத்தான் சொல்வார்கள்.

மாப்பிள்ளையே வந்து ஓடர் எடுத்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். சாரனும் டீசேட்டும், தோளில் ஒரு துவாய். முன் பல் ஒன்று கொஞ்சம் மிதந்து இருந்தது. சிரித்தால் அதுதான் முதலில் தெரியும். சிரித்துக்கொண்டே இருந்தார். எங்களை ட்ரிப் வந்த ஆட்கள் என்றுதான் நினைத்தார் போல. "வாங்க, இரிங்க, பயப்படாதீங்க உம்மா, இதுகள் ஒண்டும் செய்யாது" என்றார். எப்படி இவ்வளவு பூனை என்று என் புருஷன் கேட்டார். சுனாமிக்குப் பிறகு சனமெல்லாம் உள்ளுக்குப் போய்விட்டார்களாம், பூனைகள் மட்டும் போகவில்லையாம். வீடு இருந்த இடத்தையே சுற்றிக்கொண்டு நின்றனவாம். "நான் மீன் தலையப் போட்டன், அதுகள் வந்து குந்திக்கிட்டு. பொறகு ஜப்பான் புள்ள ஒண்டு வந்து, எங்கட நாட்டில இப்படிக் கடை இரிக்கி, காசு குடுத்துப் பூனை பாக்க வருவாங்க எண்டு சொல்லி இந்தப் போர்டையும் கீறித் தந்திட்டுப் போன. நான் என்னத்தக் கண்டன், வெச்சன், சனம் வருது."

"காசு குடுத்துப் பூனை பாக்கிறயா?" என்றார் உம்மா. "நம்மட ஊருக்கு வந்தா அடிச்சித் தொரத்திக்கிட்டே பாக்கலாமே."

அவர் சிரித்துவிட்டு உள்ளே போனார். போனதும் உம்மா எங்கள் பக்கம் சாய்ந்து, "பல்லு மிதப்பு. ஆனா நல்லாக் கதைக்கிறார். என்ன குடி எண்டு கேக்கணும்" என்றார். குடி என்பது தாய்வழியில் வருவது. அது தெரியாமல் எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச மாட்டார்கள். தேத்தண்ணி குடிக்க வந்த ஆள் கடைக்காரனிடம் குடி கேட்டால் என்ன நினைப்பார் என்று நான் மேசைக்குக் கீழே உம்மாவின் காலை மிதித்தேன். மிதிபட்டது ஒரு பூனை. அது கத்திக்கொண்டு ஓடியது.

தேத்தண்ணியும் மீன் ரோல்ஸும் வந்தன. நல்ல வாசம். நாங்கள் மூன்று பெண்களும் அவற்றை முன்னால் வைத்துக்கொண்டு, தொடாமல், கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். என் புருஷன் ஒரு ரோல்ஸை எடுத்து வாய்க்குள் போட்டார்.

"இஞ்சாருங்க!" என்றேன்.

"நான் மருமகன். என்ட வாய் கணக்கில்ல," என்று சொல்லி இன்னொன்றை எடுத்தார்.

அந்த நேரத்தில்தான் பெரிய கடுவன் பூனை ஒன்று வந்து தங்கச்சியின் மடியில் ஏறியது. சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்து, முகம் முழுதும் பழைய சண்டைத் தழும்பு. எல்லாப் பூனைகளும் அதற்கு வழிவிட்டன. அவள் அதைத் தள்ளவும் இல்லை, தடவவும் இல்லை. அது இரண்டு தரம் சுற்றி, சுருண்டு, நித்திரையாகிவிட்டது. "அது சேர்மன்," என்றார் அவர், அடுத்த மேசையைத் துடைத்துக்கொண்டு. "ஒரு வேலையும் செய்யார், எல்லாரையும் அதட்டுவார்." தங்கச்சி சிரித்துவிட்டாள். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டாள். ஆனால் சிரித்ததை நான் பார்த்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு முதன் முதலாக ஒரு ஆசை வந்தது: யா அல்லாஹ், இது நடந்தால் என்ன?

அவர் எங்கள் மேசைக்கு வந்து பார்த்தார்.

"தேத்தண்ணி சரியில்லையா?"

"நல்லம் மகன், நல்லம்," என்றார் உம்மா.

"குடிக்கல்லையே."

"சூடு."

"ஆடை கட்டிட்டு, உம்மா."

அவர் மூன்று கோப்பைகளையும் பார்த்தார். உம்மாவின் பெருநாள் சாரியைப் பார்த்தார். என் புருஷனின் கையில் இருந்த ரோல்ஸைப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது. துவாயைத் தோளிலிருந்து எடுத்தார்.

"வெள்ளைக்காரன் எண்டா கசந்தாலும் குடிச்சிட்டுத்தான் போவான்," என்றார். "நம்மட ஆக்கள் தேத்தண்ணிய முன்னால வெச்சிட்டு ஆற விட்டா, அது ஒரு காரியத்துக்குத்தான். மருதமுனையா?"

உம்மா சாரித் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார். கடைக்காரர் என் புருஷனிடம் திரும்பி, "காக்கா இந்த வீட்டு மருமகன்தானே?" என்று கேட்டார். என் புருஷன் வாய் நிறைய ரோல்ஸோடு தலையை ஆட்டினார். எனக்கு மணலுக்குள் புதைந்து போகலாம் போல இருந்தது. ஆனால் உள்ளுக்குள் சிரிப்பும் வந்தது. களவாகப் பார்க்க வந்தவர்கள் ஊருக்கே தெரிகிற மாதிரி மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

அவர் உள்ளே போய்க் கையைக் கழுவி, சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்தார். பொத்தான் ஒன்றை மாறிப் பூட்டியிருந்தார். வந்து நின்றாரே தவிர, என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்களுக்கும் தெரியவில்லை. இப்படி ஒரு நிலைமைக்கு எங்கள் ஊரில் வழக்கம் ஒன்றும் கிடையாது. தங்கச்சிதான் தொடங்கினாள்.

"நான்தான் பொண்ணு," என்றாள், அவரை நேரே பார்த்து. "புறோக்கர் எல்லாத்தையும் சொல்லியிரிக்க மாட்டார். நான் சொல்லுறன். வாப்பா எனக்குக் கட்டின வீடு இப்ப இல்ல. கடல் எடுத்துட்டு. நானும் உம்மாவும் இரிக்கிறது திட்டத்துல. ரெண்டு அறை. மழைக்கு முன்பக்கம் ஒழுகும். அத வீடு எண்டு நான் ஆருக்கும் சொல்றல்ல. பொறகு தெரியா எண்டு ஒருத்தரும் கதைக்கப்படா."

டியூஷனில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்கிற அதே குரல்.

அந்த மனுஷன் பதறிவிட்டார். அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று நினைத்திருப்பார். வாயில் வந்ததைச் சொன்னார். "அதுக்கென்ன? வீடில்லாட்டி ஒண்டுமில்ல. இஞ்ச கிடக்கிறதுகளப் பாருங்க. ஒண்டுக்காவது வீடிரிக்கா? பாவம் எண்டு பாத்து நான் சோறு போடாமலா விட்ட?"

என் புருஷன் தின்பதை நிறுத்தினார்.

"நான் பூனையில்ல," என்றாள் தங்கச்சி.

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. எழும்பப் போனாள். எனக்குத் தெரியும், அவள் எழும்பினால் வேனில்தான் போய் ஏறுவாள். அதன் பிறகு அவளிடம் ஒருவரும் கலியாணம் பேச முடியாது. அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு அழகாகச் சிரிக்கிற மனுஷனுக்கு வாய் இப்படியா?

ஆனால் அவளால் எழும்ப முடியவில்லை. மடியில் சேர்மன் கிடந்தது. அவள் அசைந்ததும் அது நித்திரையிலேயே நகத்தை நீட்டி அபாயாவில் கொளுவிக்கொண்டது. அவள் அதைப் பிடித்துத் தூக்கப் பார்த்தாள்.

"நித்திரைப் பூனைய எழுப்பாத, புள்ள," என்றார் உம்மா. வேண்டுமென்று சொல்லவில்லை. எங்களைச் சிறு வயதிலிருந்து அதட்டிய அதட்டல், தன்பாட்டில் வாயில் வந்துவிட்டது. தங்கச்சியும் சிறு பிள்ளை மாதிரிக் கையை எடுத்துவிட்டாள். கோபத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு அப்படியே இருந்தாள்.

அவர் பூனையைக் கூப்பிட்டார். "சேர்மன், டேய், இஞ்ச வா." அது ஒரு காதை அசைத்தது, அவ்வளவுதான். கிட்டப் போய் எடுக்கவும் முடியாது, அந்நியப் பெண்ணின் மடி. கடைசியில் அவர் மணலில் குந்தினார். அவளுடைய கதிரைக்குக் கொஞ்சம் தள்ளி, பூனையின் முகத்துக்கு நேரே. அங்கே இருந்துகொண்டுதான் கதைத்தார்.

"நான் மாறிச் சொல்லிப்போட்டன்," என்றார். "பூனை நீங்க இல்ல. நான்தான்."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"எனக்கு ரெண்டு தங்கச்சி. அவங்கட வீடும் கடலோடதான் போன. திரும்பக் கட்டி, ரெண்டு பேருக்கும் நிக்காஹ் செஞ்சி குடுத்திட்டு இப்பதான் மூச்சு விடுறன். உம்மா சின்னத் தங்கச்சிட வீட்டுல. மச்சான்மார் இரிக்கிற வீட்டுல நான் எப்படிப் போய்ப் படுக்கிற? அந்தா அந்தப் பலகை வாங்குலதான் படுக்கிறன். திட்டத்து வீடு எண்டு புறோக்கர் காக்கா சொன்னவர். எனக்குத் தெரியும். எனக்கெண்டு அதுவும் இல்ல. நம்மட வழக்கத்துல வீடு பொம்புளைடது. ஆம்புள வந்து வாசல்ல நிப்பான், விட்டாத்தான் உள்ளுக்குப் போவான். பாவம் பாக்கிறதெண்டா நீங்கதான் என்னப் பாக்கணும்." கொஞ்சம் நிறுத்தினார். "உங்களுட்ட இடமிரிக்கா எண்டு கேக்கத்தான் நான் ஆளனுப்பின. அதத்தான் முதல்ல கேட்டிரிக்கணும்."

"அது உண்மைதான்," என்றார் என் புருஷன். "நானும் ஒரு பேக்கோடதான் இவட வீட்டுக்கு வந்த. முதல் ராவு எந்தக் கொக்கியில சேட்டைக் கொளுவுற எண்டு கேக்க வெக்கமாக் கிடந்தது."

"நீங்க வாய மூடுங்க, மருமகன்," என்றார் உம்மா.

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அவர் எனக்கு அந்தக் கொக்கிக் கதையைச் சொன்னதில்லை. நான் பிறந்து வளர்ந்த ஊரில், என் வாப்பா கட்டிய வீட்டில், ஒரு மனுஷன் தன் சேட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். எனக்கு அது ஒரு நாளும் தோன்றவே இல்லை. அவர் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை.

தங்கச்சி குனிந்து பூனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வடிந்துவிட்டதா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. வெள்ளைக்காரி காசைக் கொடுக்க எழும்பி நின்றாள். எங்களைப் பார்த்துவிட்டு மெதுவாகத் திரும்ப இருந்துவிட்டாள். பாஷை தெரியாவிட்டாலும் சில விடயங்கள் விளங்கும் போல. மணலில் குந்தியிருந்தவர் எழும்பவும் இல்லை, இன்னொரு சொல் சொல்லவும் இல்லை. சொல்லாமல் இருந்தாரே, அதற்குப் பிறகுதான் எனக்கு அவரை உண்மையில் பிடித்தது.

தங்கச்சி கையை எடுத்துப் பூனையின் கிழிந்த காதுக்குப் பின்னால் வைத்தாள். மெல்லத் தடவினாள்.

"எத்தின?" என்றாள்.

"என்ன?"

"வாறதெண்டா, உங்களோட எத்தின பூனை வரும்?"

அவர் கடை முழுவதையும் ஒரு தரம் சுற்றிப் பார்த்தார். "இஞ்ச நிக்கிறது இஞ்சயே நிக்கட்டும். அதுகளுக்கு இந்த இடம் பழகிட்டு. நான் விடிய வந்து பாப்பன். இவர் ஒராள்தான்," என்று சேர்மனைக் காட்டினார். "இவர் என்ன விட்டிட்டுப் படுக்க மாட்டார்."

அவள் யோசித்தாள். பிறகு, டியூஷன் குரலில்தான், ஆனால் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள்:

"என்ட வீட்டுல ரெண்டு அறைதான். ஒண்டு உம்மாக்கு. இவருக்குத் தனியா அறை தர ஏலா, இப்பவே சொல்லிப்போட்டன்."

என்ட வீடு என்றாள். கடல் வந்து போன பிறகு இத்தனை வருடத்தில் அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து நான் கேட்டதில்லை. உம்மாவும் கேட்டார். கையை நீட்டி என் கையை எட்டிப் பிடித்தார், விரல் நோகும் அளவுக்கு. நான் அழுதேன். வெள்ளைக்காரிக்கு முன்னால், பூனைகளுக்கு முன்னால், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். அவ்வளவு சந்தோசம் எனக்கு என் சொந்தக் கலியாணத்தில் கூட வரவில்லை.

உம்மா சாரித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மணலில் இன்னும் குந்தியிருந்தவரைப் பார்த்தார்.

"அப்ப எப்ப வாறீங்க, மகன்?" என்று கேட்டார்.